குஞ்சு சேவலா, பெட்டையா? வாரம் வாரமாகப் பார்த்துக் கண்டுபிடிக்கும் முறை

குஞ்சு பொரித்ததும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, இதில் பெட்டை எத்தனை என்பதுதான். அன்றைக்கே பதில் சொல்ல முடிவது சில கலப்புகளில் மட்டும். மற்றவற்றுக்கு இரண்டரை, மூன்று மாதம் பொறுக்க வேண்டும்.

முட்டை கூராக இருந்தால் சேவல், உருண்டையாக இருந்தால் பெட்டை என்பார்கள். அது சரியில்லை. சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம். பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. எதுவாகப் பிறக்கும் என்பது தாய்க்கோழியின் வயிற்றிலேயே, ஓடு கட்டுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. முட்டை ஓட்டின் வடிவத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

முதலில் அடையாளம் போடுங்கள்

ஒவ்வொரு குஞ்சின் காலிலும் ஒரு நிற வளையம் மாட்டி, வாரம் ஒருமுறை ஒரே பக்கமிருந்து படம் எடுத்து வையுங்கள். கால் வேகமாகத் தடிக்கும். வளையம் இறுகினால் சதையில் வெட்டிவிடும், அதனால் படம் எடுக்கும்போதே அதையும் தளர்த்திவிடுங்கள்.

முதல் மூன்று நாள்: இறக்கையும் நிறமும்

குஞ்சை உள்ளங்கையில் வைத்து, ஒரு இறக்கையை விசிறி மாதிரி மெதுவாக விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். ஓரத்தில் இரண்டு வரிசை இறகுக் குருத்துகள் தெரியும். கீழ்வரிசைதான் பறக்கும் இறகு. மேல்வரிசை அதை மூடும் இறகு. கீழ்வரிசை நன்றாக நீண்டிருந்தால் பெட்டை. இரண்டும் சமமாக இருந்தாலோ, மேல்வரிசை நீண்டிருந்தாலோ சேவல்.

ஆனால் இது எல்லாக் குஞ்சுக்கும் பொருந்தாது. தகப்பன் இறகு வேகமாக முளைக்கும் வகையாகவும், தாய் மெதுவாக முளைக்கும் வகையாகவும் இருந்தால்தான் செல்லும். குஞ்சு வாங்கும் இடத்தில் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். தெரியாது என்றால் இறக்கையை விட்டுவிடுங்கள்.

நிறமும் அப்படித்தான். ரோட் ஐலண்ட் ரெட் சேவலையும் வரிக்கோடு போட்ட பிளைமவுத் ராக் பெட்டையையும் சேர்த்தால், பிறப்பதெல்லாம் கறுப்பாக இருக்கும். உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டு உள்ளது சேவல். அந்தக் குஞ்சுகள் வளர்ந்து தங்களுக்குள் சேர்ந்து போடும் அடுத்த தலைமுறையில் இந்தக் கணக்கு உதவாது.

குஞ்சின் பின்துவாரத்தைப் பிதுக்கிப் பார்க்கும் முறையும் உண்டு. 1920களில் ஜப்பானில் உருவானது, நீண்ட பயிற்சி எடுத்தவர்கள் செய்வது. வீட்டில் தயவுசெய்து முயற்சி செய்யாதீர்கள். அந்த வயதில் குஞ்சின் வயிற்றுக்குள் மஞ்சள் கரு இன்னும் மிச்சமிருக்கும். கொஞ்சம் அழுத்தம் கூடினாலும் உள்ளே காயமாகி, குஞ்சு செத்துப்போகும்.

ஐந்து முதல் எட்டு வாரம்: கொண்டை

ஒரே வகை, ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். சேவல் குஞ்சின் கொண்டை அகலமாகி, இளஞ்சிவப்பேறி, அப்புறம் நல்ல சிவப்பாகும்; அலகுக்குக் கீழே தாடியும் எட்டிப்பார்க்கும். பெட்டையின் கொண்டை வெளிர் மஞ்சளாக, தட்டையாகவே கிடக்கும். சேவலுக்குக் கால் தடிமன். பல வகைகளில் பெட்டைக்கு முதுகு இறகு சீக்கிரம் மூடிவிடும், சேவலுக்குத் தோள் பக்கம் திட்டுத்திட்டாக வெறுமையாக இருக்கும்.

நெஞ்சை நிமிர்த்திச் சண்டை போடுகிறதே என்று சேவலாக எழுதிவிட வேண்டாம். பெட்டைக் குஞ்சுகளும் அப்படி மோதிக்கொள்ளும். நான் முதலில் வளர்த்த கூட்டத்தில் எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்த ஒன்று பின்னாளில் முட்டையிட்டது.

பத்து, பன்னிரண்டு வாரம்: முதுகின் கடைசி இறகு

நான் பெரிதும் நம்புவது இதைத்தான். வாலுக்குச் சற்று முன்னால், முதுகு முடிகிற இடத்தில் புதிதாக முளைத்த இறகு ஒன்றை விரலால் தூக்கிப் பாருங்கள். பிடுங்க வேண்டாம். நுனி ஈட்டி மாதிரி கூராக, மெல்லியதாக, பளபளப்பாக இருந்தால் சேவல். நுனி வட்டமாக, பக்கத்து இறகு மாதிரியே இருந்தால் பெட்டை. கொஞ்ச நாளில் சேவலுக்குக் கழுத்து இறகும் கூராகும், வாலில் அரிவாள் போல வளைந்த இறகு தொங்கும்.

சில்கி கோழியில் இறகே பஞ்சு மாதிரி இருப்பதால் இந்தச் சோதனை கடினம். செபிரைட் வகையில் சேவலுக்கும் பெட்டை போலவே வட்ட இறகுதான்.

கூவ ஆரம்பித்தால் சந்தேகம் அநேகமாகத் தீர்ந்தது. சில எட்டு வாரத்திலேயே தொண்டை கரகரக்க முயலும், சில ஐந்து மாதம் வரை வாயே திறக்காது. அதனால் கூவவில்லை என்பதை மட்டும் வைத்துப் பெட்டை என்று முடிவு கட்டாதீர்கள். காலில் முள் மொட்டு தெரிவதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம், அது இரண்டுக்கும் இருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் பிடிபடாத ஒன்றிரண்டு இருக்கும். அவற்றை உடனே விற்காமல், ஐந்தாறு மாதம் ஆகும்வரை வைத்திருங்கள். பெட்டையானால் அதற்குள் பெரும்பாலும் முட்டையிட ஆரம்பித்துவிடும்.