நைரோபிக்குப் பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

என் மகனுக்கு நைரோபிக்குப் பக்கத்தில், ஆதி ரிவரில் உள்ள ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. போன ஜூலையில் நானும் இவரும் மட்டக்களப்பு ஆரையம்பதியிலிருந்து போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தோம். வந்த நாள் முதல் ஆள் மாறி ஆள் விசாரிக்கிறார்கள். கென்யாவில் பிள்ளை உள்ளவர்கள் இதை வாசித்துவிட்டுப் புறப்படுங்கள்.

ரிக்கெற் போடுவதற்கு முன் ஊசியைப் போட்டுவிடுங்கள். கென்யா மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு. இங்கிருந்து நேரே போகிறவர்களிடம் அங்கே ஊசி போட்ட அட்டை கேட்பதில்லை; திரும்பி வரும்போது கட்டுநாயக்காவில்தான் கேட்பார்கள். ஊசி போட்டு 10 நாள் கழிந்த பிறகுதான் அட்டை செல்லும், அப்புறம் ஆயுள் முழுக்கச் செல்லும். நாங்கள் இரவு மெயிலில் கொழும்புக்குப் போய், பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் போட்டோம். 60 வயது தாண்டி முதன்முறை போடுகிறவர்களுக்குப் பக்கவிளைவு கொஞ்சம் கூட என்பதால் டாக்டர் யோசித்துத்தான் போடுவார். கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோங்கள். நான் வீட்டில் விட்டுவிட்டுப் போய், குளிசைப் பெயர்களை மருமகளிடம் போனில் கேட்டுக் கேட்டுச் சொன்னேன்.

விசா 2024 ஜனவரியோடு இல்லாமல் போய்விட்டது. அதற்குப் பதிலாக இணையத்தில் பயண அனுமதி எடுக்க வேண்டும். அரசாங்கத் தளம் போலவே இருந்துகொண்டு மேலதிகக் காசு கறக்கும் தளங்களும் உண்டு. பிள்ளையையே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து நான் பருத்திச் சேலைகளை அடுக்கினேன். நைரோபி ஏறக்குறைய 1,800 மீற்றர் உயரம், நுவரெலியாவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஜூன் முதல் ஓகஸ்ட் வரை அங்கே குளிர்காலம். முதல் இரவு மகனின் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டுதான் படுத்தேன். சுவெட்டரும் காலுறையும் கட்டாயம். மாசியையும் மிளகாய்த்தூளையும் பிளாஸ்டிக் ஷொப்பிங் பையில் கட்டாதீர்கள். 2017 முதல் அந்தப் பைகளுக்கு அங்கே தடை, தண்டனையும் கடுமை. நான் துணிப்பை தைத்துக்கொண்டு போனேன்.

மொம்பாசாவுக்கு ரெயிலில் போங்கள். ஐந்தாறு மணி நேரம். சாவோ காட்டுக்குள்ளால் போகும்போது செம்மண் பூசிய யானைகள் ஜன்னலிலேயே தெரியும். "வெல்லாவெளியில் விரட்டுகிறதை இங்கே காசு கொடுத்துப் பார்க்கிறோம்" என்று இவர் முணுமுணுத்தார். போட்டோ எடுத்தது என்னவோ அவர்தான். மொம்பாசாவில் போர்த்துக்கேயர் 1593-இல் கட்டத் தொடங்கிய கோட்டை நிற்கிறது. நம் மட்டக்களப்புக் கோட்டைக்கு மூத்தது, பெரியதும்கூட. கரையோரத்தில் தேங்காய்ப்பாலில் சோறு ஆக்குகிறார்கள், 'வாலி வா நாஸி' என்று பெயர். நைரோபிப் பக்கம் உகாலி என்ற சோளமாக் களிதான். எனக்கு இறங்கவில்லை.

மணி விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். நம் நேரத்துக்கு இரண்டரை மணி பிந்தியது என்பது பெரிய காரியமில்லை. அங்கே பேசும் சுவாஹிலி மொழியில் பொழுது விடிவதிலிருந்து எண்ணுகிறார்கள்: காலை 7 மணி அவர்களுக்கு ஒரு மணி. மொம்பாசாவில் வாகனக்காரத் தம்பி காலை இரண்டு மணிக்கு வருகிறேன் என்றார். நடுச்சாமத்தில் எங்கே போகிறோம் என்று நான் பதறினேன். அவர் சொன்னது 8 மணி. சுவாஹிலி நேரமா, ஆங்கில நேரமா என்று கேட்டுவிடுங்கள்.

மரக்கறிக்காரி வரைக்கும் எம்-பெசா என்ற போன்வழிப் பணச் சேவையில்தான் காசு வாங்குகிறார்கள். பாஸ்போட்டைக் காட்டி ஒரு சிம் எடுத்தால் நீங்களும் அதில் சேரலாம்.

கரையோரம் போவதென்றால் மலேரியாக் குளிசையும் வேண்டும். நம் நாட்டில் மலேரியா ஒழிந்ததை உலக சுகாதார நிறுவனம் 2016-இல் உறுதி செய்தது, அதனால் நமக்குத் தாங்கும் சக்தி கிடையாது. மலேரியாத் தடுப்புப் பிரிவில் குளிசை இலவசம். போகுமுன் தொடங்கி, வந்த பிறகும் சொன்ன நாள் வரை விழுங்க வேண்டும். இவர் வீட்டுக்கு வந்ததும் நிறுத்தப் பார்த்தார், நான் விடவில்லை. வந்தபின் காய்ச்சல் என்றால் பனடோலோடு படுத்துவிடாமல், ஆப்பிரிக்கா போய்வந்ததைச் சொல்லி இரத்தம் சோதிக்கக் கேளுங்கள்.