புதிய தொகுப்பு வந்தால் உங்கள் மேஜிக் டெக்கில் எதைச் சேர்ப்பது, எதை எடுப்பது

மேஜிக் த கேதரிங் என்ற அட்டை விளையாட்டில் புதிய தொகுப்பு வரும்போதெல்லாம் வெள்ளவத்தையில் எங்களோடு விளையாடும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "அக்கா, இதை என்ர டெக்கில போடலாமா?" என்பதுதான். டெக் என்றால் நாம் ஆடும் அட்டைக் கட்டு. இங்கே நினைத்த அட்டை நினைத்த நாளில் கிடைக்காது. லண்டனில் இருந்து யாராவது வரும்வரை காத்திருந்து, அவர்கள் பெட்டியில் இடம் கேட்டு வாங்கும் சாமான் அது. அதனால் வாங்குவதற்கு முன்பே சரியாக எடை போடத் தெரிய வேண்டும். நான் பல தொகுப்புகளாகச் செய்து பார்த்த முறையைச் சொல்கிறேன். மானா (அட்டை போடச் செலவாகும் சக்தி), லேண்ட் (மானா தரும் அட்டை), டேர்ன் (ஒருவர் ஆடும் முறை) எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

என் டெக் பாப்பர் வகையில் ஒரு சிவப்பு பர்ன், அதாவது எதிராளியை நேரடியாக அடித்தே முடிக்கும் கட்டு. பாப்பர் என்றால் காமன் அட்டைகள், அதாவது மிகச் சாதாரணமாகக் கிடைக்கும் தரத்து அட்டைகள் மட்டும். கொழும்பில் தொடங்குபவர்களுக்கு இதைவிடக் கட்டுப்படியாகும் வகை இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

முதல் படி: டெக்கின் வேலையை ஒரே வரியில் ஒரு கொப்பியில் எழுதுங்கள். என்னுடையது, "எதிராளியின் 20 உயிரை நான்காவது அல்லது ஐந்தாவது டேர்னுக்குள் முடிப்பது." இந்த வரி இல்லாமல் புதிய அட்டைகளைப் பார்த்தால் எல்லாமே நல்ல அட்டையாகத்தான் தெரியும்.

இரண்டாவது படி: அந்த வரியை எண்ணாக மாற்றுங்கள். 1993 இல் முதல் தொகுப்பிலேயே வந்த லைட்னிங் போல்ட் ஒரு மானாவுக்கு 3 அடி கொடுக்கும், அதாவது 3 உயிரைக் குறைக்கும். அப்படியானால் 20 உயிருக்கு ஏழு அட்டைகள் வேண்டும். முதலில் ஆடுபவர் நான்காவது டேர்ன் வரை பார்ப்பது 10 அட்டைகள், அதில் மூன்று லேண்ட் என்றே வைத்தாலும் மிஞ்சுவது ஏழு. கணக்கு இவ்வளவு இறுக்கமாக இருப்பதால், உள்ளே வரும் எந்த அட்டையும் 3 அடிக்குச் சமமாக வேலை செய்தே ஆக வேண்டும்.

உதாரணத்துக்கு 2021 இல் கிரிம்சன் வௌ தொகுப்பில் வந்த கெஸிக் ஃபிளேம்பிரீதரை எடுப்போம். இரண்டு மானா, 1/3 உயிரினம் (1 அடி கொடுக்கும், 3 அடி வாங்கினால் சாகும்), நீங்கள் உயிரினம் அல்லாத மந்திரம் ஒன்றைப் போடும் ஒவ்வொரு முறையும் எதிராளிக்கு 1 அடி. வாசிக்க ஆசையாக இருக்கும். ஆனால் அது இறங்கிய பிறகு மூன்று மந்திரம் போட்டால்தான் ஒரு போல்ட்டுக்குச் சமம், அதுவும் இரண்டு மடங்கு மானாவில். கை நிறைய மந்திரம் இருக்கும்போது இது அருமை, கை காலியானால் 1 அடி தாக்குவதைத் தவிர ஒன்றும் செய்யாது. அதே விலைக்கு 2016 இன் தெர்மோ ஆல்கெமிஸ்ட் இறங்கும் டேர்னில் சும்மா நிற்கும், தாக்கவும் முடியாது, ஆனால் அதற்குப் பிறகு கை காலியாக இருந்தாலும் டேர்னுக்கு 1 அடி தானாகப் போகும். இப்படி நாலு நிலையில் வைத்துப் பாருங்கள்: ஆட்டத் தொடக்கம், முன்னால் இருக்கும்போது, பின்தங்கும்போது, இருவரும் சமமாக இழுபடும்போது. முன்னால் இருக்கும்போது மட்டும் பளிச்சிடும் அட்டை வேண்டாம்.

மூன்றாவது படியில்தான் நான் விழுந்தேன், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். புதியது உள்ளே வந்தால் எது வெளியே போகும்? 60 அட்டைகளையும் பார்த்தபோது எல்லாமே தேவைப்பட்டதால், மனம் நோகாமல் எடுக்கக்கூடியது லேண்ட்தான் என்று இரண்டு மவுண்டனை (சிவப்பு மானா தரும் லேண்ட்) எடுத்துவிட்டேன், 18 இருந்தது 16 ஆனது. அதற்குப் பிறகு வாரக்கணக்கில் தோற்றேன், புதிய அட்டையில்தான் பிழை என்று நினைத்து அதையும் மாற்றினேன், அப்போதும் தோல்விதான். கடைசியில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 18 லேண்ட் இருந்தால் முதல் 7 அட்டையில் ஒரு லேண்டோ அதற்கும் குறைவாகவோ வரும் வாய்ப்பு 31 வீதம். 16 ஆனால் 39 வீதம். இரண்டே அட்டை, ஆனால் கிட்டத்தட்ட 13 ஆட்டத்துக்கு ஒன்று கூடுதலாகக் கெடுகிறது.

ஆகவே லேண்டைத் தொடாதீர்கள். ஒரே வேலை செய்யும் அட்டைகளை மேசையில் குவியல் குவியலாகப் பிரித்து வையுங்கள், புதியது எந்தக் குவியலைச் சேர்ந்ததோ அதே குவியலில் இருந்து ஒன்றை எடுங்கள். எந்தக் குவியலிலும் சேரவில்லை என்றால் அது உங்கள் டெக்குக்கான அட்டை இல்லை.

அப்புறம் சோதனை. மாக்ஸ்ஃபீல்ட் என்ற டெக் கட்டும் இணையத்தளத்தில் தனியாக ஆடிப் பார்க்கலாம், எனக்கு அது தொடக்கத்தில் கைக்கு என்ன வருகிறது என்று பார்க்க மட்டும்தான் உதவுகிறது. காகிதம்தான் சிறந்தது: புதிய அட்டையின் படத்தை 63க்கு 88 மில்லிமீற்றர் அளவில் அச்செடுத்து, ஸ்லீவுக்குள் (அட்டை உறை) டெக்கில் இல்லாத ஒரு மவுண்டனுக்கு மேல் வையுங்கள். காலி வீதியில் எந்தப் போட்டோக்கொப்பிக் கடையிலும் செய்து தருவார்கள். அதன் அடியில், வெளியே போன அட்டையின் பெயரையும் பேனாவால் எழுதுங்கள். கைக்கு வரும் ஒவ்வொரு முறையும், "இப்போது பழையது இருந்தால் நல்லதா?" என்று கேட்டு, பதிலைக் கொப்பியில் குறியுங்கள். வென்றதா தோற்றதா என்பதைவிட இந்தக் குறிப்பு முக்கியம். இரண்டு மட்டும் போடப் போகிறீர்கள் என்றாலும் சோதிக்கும்போது நான்கு போடுங்கள். ஒன்றை மட்டும் வைத்தால் முதல் 10 அட்டைக்குள் அது வருவது ஆறு ஆட்டத்துக்கு ஒருமுறைதான்.

வாங்கும்போது ஃபாயில் (பளபளக்கும் பதிப்பு) வேண்டாம். கொழும்பு ஈரப்பதத்தில் அது வளையும், வளைந்தது கட்டுக்குள் தனியாகத் தெரியும், போட்டியில் அடையாளமிட்ட அட்டை என்று பிரச்சினை வரும்.

பிற்சேர்க்கை 1: இதை வாசித்த ஒரு தம்பி, தன் அட்டையில் தொகுப்புக் குறி வெள்ளி நிறம், அதாவது காமனுக்கு அடுத்த தரமான அன்காமன், அதனால் பாப்பரில் கூடாதுதானே என்று கேட்டார். கூடும். ஏதாவது ஒரு பதிப்பில் காமனாக வந்திருந்து, தடைப்பட்டியலிலும் இல்லை என்றால் போதும். ஸ்கிரைஃபால் என்ற அட்டைத் தேடல் தளத்தில் அட்டையின் பக்கத்திலேயே எந்த வகையில் செல்லும் என்று இருக்கும். இதை நான் முதல் படியாகவே சொல்லியிருக்க வேண்டும்.

பிற்சேர்க்கை 2: "என்னிடம் ஏற்கனவே இதே வேலை செய்யும் அட்டை நாலு இருக்கு, பிறகு எதற்கு?" என்று இன்னொருவர் கேட்டார். ஒரு டெக்கில் நான்கு என்ற வரம்பு ஒரே பெயருள்ள அட்டைக்குத்தான், ஒரே வேலை செய்யும் அட்டைகளுக்கு இல்லை. ரெக்லஸ் இம்பல்ஸ் (கட்டின் மேலிருந்து இரண்டு அட்டைகளை ஆடத் தரும் மந்திரம்) செய்வதையே 2023 இல் வந்த ரென்ஸ் ரிசால்வ் அப்படியே செய்கிறது, இரண்டையும் வைத்தால் எட்டு. நான்கு இருந்தால் முதல் 10 அட்டைக்குள் ஒன்றாவது வரும் வாய்ப்பு 53 வீதம். எட்டு இருந்தால் 79. உங்கள் டெக் அந்த ஒரு வேலையை நம்பி ஓடுகிறது என்றால், அச்சு அசலாக அதே அட்டை வேறு பெயரில் வரும் நாளில் யோசிக்காமல் வாங்குங்கள்.