தாம் யார்க்கின் 'தி இரேசர்' ஆல்பத்தைக் கேட்பது எப்படி

ராக் குழு ஒன்றின் பாடகர் தனியாக ஓர் ஆல்பம் வெளியிடும்போது, அதைக் குழுவின் அடுத்த ஆல்பமாக எண்ணிக் கேட்டு ஏமாறுவோர் பலர். ரேடியோஹெட்டின் பாடகர் தாம் யார்க் 2006 ஜூலையில் வெளியிட்ட 'தி இரேசர்' விஷயத்தில் எனக்கும் அதுவே நேர்ந்தது. கிட்டார் எப்போது வரும் என்று காத்திருந்தே ஒன்பது பாடல்களும் முடிந்துவிட்டன. அந்தக் காத்திருப்பைக் கைவிட்ட பிறகுதான் ஆல்பம் எனக்குப் பிடிபட்டது. ஆகவே, முதன்முறை கேட்பவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் முறையைக் கீழே எழுதுகிறேன்.

முதலில் ரேடியோஹெட்டின் 2003ஆம் ஆண்டு ஆல்பமான 'ஹெய்ல் டு தி தீஃப்' தொகுப்பிலிருந்து இரண்டு மூன்று பாடல்களைக் கேளுங்கள். அதில் ஐந்து பேர் சேர்ந்து எழுப்பும் ஒலிக்குள் யார்க்கின் குரல் சில சமயம் புதைந்தும் சில சமயம் மிதந்தும் வருவதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு 'தி இரேசர்' ஆல்பத்தை முதல் பாடலிலிருந்து வரிசை மாறாமல், ஒரே அமர்வில் கேளுங்கள். மொத்தம் ஏறத்தாழ 41 நிமிடங்கள்தான். நல்ல ஹெட்ஃபோன் இன்றியமையாதது. கைபேசியின் சிறிய ஸ்பீக்கரில் கேட்டால் தாழ்ந்த ஒலிகள் காணாமல் போய், வெறும் 'டிக் டிக்' சத்தமும் ஒரு மனிதரின் புலம்பலும் மட்டுமே எஞ்சும். முதல் சுற்றில் பாடல் வரிகளைத் தேடிப் படிக்க வேண்டாம்.

இரண்டாம் சுற்றில் ஆல்பத்தின் பெயரையே தாங்கிய முதல் பாடலிடம் மட்டும் நேரம் செலவிடுங்கள். அதன் தொடக்கத்தில் வரும் பியானோ, ஒருவர் உட்கார்ந்து முழுப் பாட்டுக்கும் வாசித்தது போன்ற ஒழுக்கில் இராது. கத்தரித்து ஒட்டிய இடங்கள் காதில் தட்டுப்படும். அந்தப் பியானோவை வாசித்தவர் ரேடியோஹெட்டின் கிட்டார் கலைஞர் ஜானி கிரீன்வுட். அவர் வாசித்ததைப் பதிவு செய்து, துண்டு துண்டாக வெட்டி, யார்க் தம் பாடலாக அடுக்கிக்கொண்டார். குழுவினர் யாரும் ஸ்டூடியோவில் கூடி வாசிக்காத இந்த ஆல்பத்தில், குழு இப்படித் துணுக்குகளாக ஒளிந்திருக்கிறது. இதை ஒருமுறை கண்டுகொண்டால், 'தனி ஆல்பம்' என்ற சொல்லையே சற்றுத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்கத் தொடங்குவீர்கள். யார்க்குக்கும் அந்தச் சொல் பிடிக்கவில்லை என்பது வேறு கதை.

அடுத்த சுற்று குரலுக்கு உரியது. தயாரிப்பாளர் நைஜல் காட்ரிச், ரேடியோஹெட்டுடன் பல ஆண்டுகள் பணியாற்றியவர். இந்த ஆல்பத்தில் குரல், எதிரொலிப் பூச்சு அதிகம் இல்லாமல் காதுக்கு மிக அருகில் நிற்கிறது. பாடகர் மூச்சிழுப்பதுகூடக் கேட்கும் இடங்கள் உண்டு. கீழே இயந்திரத் தாளம் இம்மியும் பிசகாமல் ஓட, மேலே குரல் தயங்கியும் இழைந்தும் செல்கிறது. இந்த முரண்தான் ஆல்பத்தின் உயிர் என்பது என் கருத்து. நடுவில் வரும் ஓரிரு பாடல்களில் அது சற்றுத் தொய்ந்துபோவதையும் மறைப்பதற்கில்லை. 'ஸ்கிப் டிவைடட்' எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை.

எட்டாவது பாடலான 'ஹாரோடவுன் ஹில்' வரும்போது வரிகளைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தலைப்பு ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் உள்ள ஒரு குன்றின் பெயர். ஈராக்கின் ஆயுதங்கள் குறித்த சர்ச்சையில் சிக்கிய பிரிட்டிஷ் ஆயுத ஆய்வாளர் டேவிட் கெல்லி, 2003 ஜூலையில் அங்குள்ள காட்டில் இறந்து கிடந்தார். அது தற்கொலையே என்று அரசு அமைத்த ஹட்டன் விசாரணை முடிவு செய்தது. பாடலில் அவர் பெயர் எங்கும் வராது. இறந்தவரே பேசுவது போன்ற வரிகளும், அவற்றுக்கு அடியில் துள்ளியோடும் பேஸ் கிட்டாரும் சேர்ந்துதான் செய்தியைச் சொல்கின்றன. பின்னணி தெரியாமல் கேட்டால் பாடலின் ஒரு பகுதி காதல் பாட்டாகவே தோன்றும். முதல் சுற்றில் வரிகளைப் படிக்க வேண்டாம் என்று நான் சொன்னது இந்தத் திடுக்கிடலுக்காகத்தான்.

அட்டைப்படத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஸ்டான்லி டான்வுட் கறுப்பு வெள்ளையில் லினோலியம் எனும் மென்பரப்பில் செதுக்கி அச்சிட்ட அந்தச் சித்திரத்தில் லண்டன் நகரம் வெள்ளத்தில் மூழ்குகிறது. கோட்டு அணிந்த ஒருவர் கை நீட்டி அலைகளை நிற்கச் சொல்கிறார்.

பாடல்கள் பழகிய பின், இவற்றை மேடையில் வாசிப்பதற்காக 2009இல் யார்க் திரட்டிய குழுவின் நேரலைப் பதிவுகளைத் தேடிக் கேளுங்கள். ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் ராக் குழுவின் ஃப்ளீ பேஸ் கிட்டார் வாசிக்க, கணினியில் கோத்த தாளங்களை மனிதக் கைகள் துரத்திப் பிடிப்பதை அங்கே கேட்கலாம். கடைசியாக, ரேடியோஹெட் 2007 அக்டோபரில் வெளியிட்ட 'இன் ரெயின்போஸ்' ஆல்பத்தின் முதல் பாடலை ஒலிக்க விடுங்கள். தொடக்கத்தில் இயந்திரத் தாளமும் யார்க்கின் குரலும் மட்டுமே இருக்கும், 'தி இரேசர்' இன்னும் முடியவில்லையோ என்று தோன்றும். சற்றுப் பொறுங்கள், கிட்டார் வரும்.