ஒரு சுண்டு தவிட்டில் நொதியத்தைப் பிடிப்பது எப்படி

மாட்டுக்கென்று வாங்கி வைத்த தவிட்டு மூட்டையை ஒரு கிழமை கழித்து அவிழ்த்தால் மூக்கில் ஏறும் காறல் மணம் வன்னியில் பலருக்கும் பழக்கம். மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பும். "தவிடு பழசாப் போச்சு" என்று நாமும் விட்டுவிடுவோம். தவிடு சும்மா பழசாவதில்லை. அதற்குள் இருக்கும் நொதியங்கள், அதாவது என்சைம்கள், கொழுப்பை வெட்டி அமிலமாக்குகின்றன. அந்த அமிலத்தை மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்து வீட்டிலேயே அளக்கலாம்.

செய்முறைக்கு முன் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளுங்கள். தவிட்டின் நிறையில் ஏறத்தாழ 15 முதல் 20 வீதம் எண்ணெய். அந்த எண்ணெய் கலத்துக்குள் நுண்ணிய துளிகளாக இருக்கிறது. ஒவ்வொரு துளியையும் பொஸ்போலிப்பிட்டு என்ற பொஸ்பேற்றுள்ள கொழுப்பும் புரதமும் சேர்ந்த ஒரு மெல்லிய போர்வை மூடியிருக்கிறது. கலமென்சவ்வில் பொஸ்போலிப்பிட்டு இரட்டைப் படையாக இருக்கும். இங்கே ஒற்றைப் படைதான். பொஸ்போலிப்பிட்டு மூலக்கூறுக்கு ஒரு தலை, இரண்டு வால். வால்கள் கொழுப்பமிலம், தலையில் பொஸ்பேற்றும், பெரும்பாலும் அதோடு ஒட்டிய கோலின் என்ற சிறு மூலக்கூறும்.

எண்ணெயை வெட்டும் நொதியம் இலிப்பேசு. ஆனால் போர்வை இருக்கும்வரை அதற்கு எண்ணெய் எட்டாது. போர்வையைக் குலைப்பது பொஸ்போலிப்பேசு டி என்ற இன்னொரு நொதியம். இது வால்களைத் தொடாது. தலையிலுள்ள கோலினை மட்டும் நறுக்கி எடுத்துவிட்டு, பொஸ்பேற்றும் வால்களும் உள்ள மிச்சத்தை (பொஸ்பாடிடிக் அமிலம்) விட்டுவிடும். தலை போனால் போர்வை நிலைக்காது. அதன்பின் இலிப்பேசு உள்ளே புகுந்து எண்ணெயிலிருந்து கொழுப்பமிலங்களைக் கழற்றிவிடும். தாவரங்களில் இப்படித் தலையை மட்டும் நறுக்கும் நொதியம் ஒன்று இருப்பது 1947இல் கரட்டில் ஆராய்ந்தபோதுதான் தெரியவந்தது.

முழு நெல்மணியில் இந்தச் சண்டை நடக்காது. இலிப்பேசு வெளித் தோலில் இருக்கிறது, எண்ணெய் அதற்கு உள்ளே இருக்கும் படையிலும் முளையத்திலும். மில்லில் குற்றும்போதுதான் இரண்டும் ஒன்றாக அரைபட்டுச் சந்திக்கின்றன.

சரி, தவிட்டை எடுப்போம். அன்றைக்கே குற்றிய பச்சை நெல்லின் தவிடு ஒரு சுண்டு போதும். "பச்சை" என்பதை அழுத்திச் சொல்கிறேன். முதல்முறை நான் ஒன்றும் கேட்காமல் வாங்கி வந்து ஒரு கிழமை அளந்தேன். அவித்த தவிடும் அவிக்காத தவிடும் கிட்டத்தட்ட ஒரே கணக்கு. பிறகுதான் விசாரித்தேன், அது புழுங்கல் நெல்லின் தவிடு. நெல்லைப் புழுக்கும்போதே நொதியம் செத்துவிடும், அப்புறம் அளக்க என்ன இருக்கிறது? நம் பக்கம் பெரும்பாலும் புழுங்கல்தான் குற்றுவார்கள் என்பதால், பொங்கலுக்குப் பச்சையரிசி குற்றும் நாட்கள் இதற்கு வசதி.

1. தவிட்டை உடனே இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியை நீத்துப்பெட்டியில் பிட்டு அவிப்பதுபோல் 15 நிமிடம் அவியுங்கள். சட்டியில் வறுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். இந்த நொதியங்கள் உலர்ந்த சூட்டைக் கொஞ்சம் தாங்கும், நீராவியைத் தாங்காது.

2. இரண்டு பாதிகளையும் ஒரே சுளகில் தனித்தனியாகப் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். பிறகு இரண்டு போத்தல்களில் போட்டு, "பச்சை", "அவித்தது" என்று எழுதி, ஒரே இடத்தில் வையுங்கள்.

3. வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து ஓர் இரவு தெளியவிடுங்கள். மேலே நிற்கும் தெளிந்த நீர்தான் வேண்டும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு சின்னப் போத்தலில் கொஞ்சம் ஸ்பிரிட்டில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். ஸ்பிரிட் நிறமில்லாததாக இருக்கட்டும். அடுப்படியில் வைத்துச் செய்யவேண்டாம், தீப்பிடிக்கும், முற்றத்தில் செய்யுங்கள்.

4. அளக்கும் நாளில் ஒவ்வொரு தவிட்டிலும் ஒரு மேசைக்கரண்டி எடுத்து, நான்கு மேசைக்கரண்டி ஸ்பிரிட்டில் போட்டு நன்றாகக் குலுக்கி, அரைமணி நேரம் தெளியவிடுங்கள். கொழுப்பமிலம் ஸ்பிரிட்டில் கரைந்து வந்துவிடும்.

5. தெளிந்ததில் 2 மில்லிலீற்றரைச் சிரிஞ்சால் எடுத்து ஒரு கண்ணாடிக் கிளாஸில் விடுங்கள். மஞ்சள் கரைசலிலிருந்து இரண்டு சொட்டு எடுத்து அதில் சேருங்கள். இப்போது சுண்ணாம்புத் தெளிவைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஆட்டுங்கள். விழுந்த இடத்தில் ஆலாத்தித் தண்ணீர்போலச் சிவந்து, ஆட்டியதும் மறையும். அமிலம் முடிந்ததும் சிவப்பு மறையாமல் நிற்கும். அந்தச் சொட்டு எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். இடையில் கரைசல் பால்போலக் கலங்கினால் பயப்படவேண்டாம். கல்சியம் கொழுப்பமிலத்தோடு சேர்ந்து கரையாத சவர்க்காரமாகிறது, கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் திரைவது மாதிரி.

வெறும் ஸ்பிரிட்டுக்கும் ஒருமுறை செய்து, அந்த எண்ணிக்கையை எல்லாவற்றிலும் கழியுங்கள். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று அளந்தால் போதும். அவித்த தவிடு பெரிதாக நகராது. பச்சைத் தவிட்டின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். சூடும் ஈரமும் இருந்தால் எண்ணெயில் கொழுப்பமிலத்தின் பங்கு நாளொன்றுக்கு 5 வீதமளவில்கூட உயரும்.

நீங்கள் எண்ணும் சொட்டுகளில் பெரும்பங்கு எண்ணெயிலிருந்து வந்தது. போர்வையிலிருந்து வருவது கொஞ்சம்தான். ஏனென்றால் தவிட்டில் எண்ணெயோடு பார்க்கும்போது பொஸ்போலிப்பிட்டு மிகக் குறைவு. கதவைத் திறந்தது பொஸ்போலிப்பேசு டி போர்வையில் போட்ட வெட்டு என்றாலும், அந்த வெட்டை இந்த முறையால் தனியாகப் பார்க்க முடியாது.

இலையில் கதை வேறு. இலைக்குப் பச்சை நிறம் தரும் பச்சையவுருமணியின் மென்சவ்வில் பொஸ்போலிப்பிட்டு குறைவு. முக்கால்வாசிக்கு மேல் கலக்டோலிப்பிட்டு. அதன் தலையில் பொஸ்பேற்று இல்லை, கலக்டோசு என்ற வெல்லந்தான் இருக்கிறது. எனவே பொஸ்போலிப்பேசு டிக்கு இங்கே வேலையில்லை. வாலைக் கழற்றும் வேறு நொதியங்கள் வருகின்றன. அவற்றின் பின்னால் இலிப்பொக்சிசனேசு என்ற நொதியம் அந்த வாலை ஒட்சியேற்ற, இன்னொரு நொதியம் அதைத் துண்டாக்குகிறது. அந்தத் துண்டுதான் புல் வெட்டும்போது வரும் பச்சை மணம்.

இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். ஒரு பிடி அறுகம்புல்லை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுங்கள். இரண்டையும் உரலில் தனித்தனியாக இடித்து முகருங்கள். பச்சையாக இடித்ததில் மணம் சட்டென்று எழும்பும். மற்றதில் அவித்த கீரை வாசம்தான்.

மிஞ்சிய தவிட்டில் அவித்ததை மாட்டுக்கு வைக்கலாம். ஸ்பிரிட் பட்டதை மட்டும் கோழி கொத்தாத இடமாகப் பார்த்துக் குழி தோண்டி மூடிவிடுங்கள்.