ரோயிங் மெஷினில் கையை நம்பாதீர்கள்

பாலாறே பெரும்பாலும் மணலாகக் கிடக்கிற வேலூரில் துடுப்புக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். நான் போகிற சத்துவாச்சாரி ஜிம்மில் ஒரு ரோயிங் மெஷின் இருக்கிறது. முன்னும் பின்னும் ஓடுகிற சீட்டில் உட்கார்ந்து, சங்கிலியில் கட்டிய ஹேண்டிலைப் பிடித்துத் துடுப்புப் போடுகிற மாதிரிப் பயிற்சி செய்யும் மெஷின் அது. உட்காருகிறவர்கள் கிணற்றில் தண்ணீர் சேந்துகிற மாதிரிதான் இழுக்கிறார்கள். முதல் மாதம் நானும் அப்படித்தான். தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது.

இது இழுக்கிற வேலையே இல்லை, உதைக்கிற வேலை. பலத்தில் பாதிக்கு மேல் காலிலிருந்து வர வேண்டும். முதலில் கால், கால் நீண்டு முடியும்போது இடுப்பு, கடைசியில்தான் கை. திரும்பும்போது அப்படியே தலைகீழ்: கை, இடுப்பு, கால். கை நீளுவதற்குள் முட்டியை மடக்கிவிட்டால் ஹேண்டில் முட்டியில் இடிக்கும். உடனே அதைத் தூக்கித் தாண்ட வைப்பார்கள். சங்கிலி ஏறி இறங்காமல் ஒரே மட்டத்தில் போய்வருகிறதா என்று பாருங்கள், தவறு தெரிந்துவிடும்.

‘கால்தான் முக்கியம்’ என்று கேட்டவர்கள் செய்கிற தவறு வேறு. உதைத்ததும் சீட் பின்னால் ஓடிவிடும், ஹேண்டில் நின்ற இடத்திலேயே நிற்கும். அப்புறம் மொத்த பாரமும் நடுமுதுகுக்குக் கீழே இறங்கும். கையை நீட்டி, உடம்பை முன்னே சாய்த்தபடியே காலால் மட்டும் பத்து ஸ்ட்ரோக் (ஒரு முறை போய்த் திரும்புவது ஒரு ஸ்ட்ரோக்) போட்டுப் பழகுங்கள். சீட் எவ்வளவு நகர்ந்ததோ ஹேண்டிலும் அவ்வளவு வர வேண்டும்.

டேம்பரை, அதாவது மெஷினின் காற்றுச் சக்கரத்தில் 1 முதல் 10 வரை எண் போட்ட நெம்புகோலை, 10-இல் வைப்பது வீராப்பு. அது சைக்கிள் கியர் மாதிரி. சக்கரத்துக்குள் போகிற காற்றின் அளவைத்தான் மாற்றும். 3-லிருந்து 5 போதும். நம்ம ஊர்த் தூசியில் சக்கரத்தைச் சுற்றியுள்ள வலை அடைத்துக்கொண்டால் அதே 5 லேசாகத் தெரியும், அதற்காக எண்ணை ஏற்றாதீர்கள், துடையுங்கள்.

அவசரமும் கூடாது. ஸ்கிரீனில் நிமிடத்துக்கு 34 ஸ்ட்ரோக் ஓடும், 500 மீட்டர் போக ஆகும் நேரமோ குறையாது. 20-இல் பழகுங்கள். உதைக்க ஒரு பங்கு நேரம் என்றால் திரும்ப இரண்டு பங்கு.

கால் ஸ்ட்ராப் பாதத்தின் அகலமான இடத்தில் வரட்டும். ஹேண்டில் கழுத்துக்கு வரக்கூடாது, கீழ் விலாவோடு நிற்கட்டும். மே மாதப் புழுக்கத்தில் கை வழுக்குகிறதே என்று இறுக்கிப் பிடித்தால் முன்கை மரத்துப்போகும். விரல்களைக் கொக்கி மாதிரி மாட்டினால் போதும், பக்கத்தில் ஒரு துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

“அப்போ ஆர்ம்ஸ் எப்படி மாமா ஏறும்?” என்றான் மச்சான். டம்பெல் இருக்கிற பக்கம் கையைக் காட்டினேன்.