தீக் காப்பீடு இருக்கு சரி, வாடிக்கையாளர் வழுக்கி விழுந்தால்?

பழைய வண்ணாரப்பேட்டையில் கருவாட்டுத் தொக்கும் ஊறுகாயும் போட்டு விற்கிறேன். ஒரு ஐப்பசி மழையில் கடைப்படியில் சாக்கு விரித்திருந்தோம். அந்த ஈரச் சாக்கோடு ஒரு அக்கா சறுக்கி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்துவிட்டது. பீரோவிலிருந்த தீக் காப்பீட்டுப் பாலிசியை எடுத்துக்கொண்டு ஏஜென்டிடம் ஓடினேன். "அது உங்க சரக்குக்குண்ணா, அந்தக்கா கைக்கு இல்ல" என்றார். ஆஸ்பத்திரி பில் என் கல்லாவிலிருந்து போனது.

நீங்கள் முதலில் ஒரு தாளை இரண்டாக மடியுங்கள். இடப்பக்கம், கடைக்கு வருகிறவருக்கும் வாசலில் போகிறவருக்கும் என்ன ஆகலாம் என்று எழுதுங்கள்: ஈரத்தரை, காற்றில் ஆடும் போர்டு, சிலிண்டர். வலப்பக்கம், பொருள் கைமாறிய பிறகு வரக்கூடியவை: பாட்டிலில் கண்ணாடிச் சில்லு, கெட்டுப்போன பேட்ச், சிலருக்கு ஒவ்வாது என்று தெரிந்தும் லேபிளில் எழுதாமல் விட்ட வேர்க்கடலை. இந்த நஷ்டஈட்டை உங்களுக்காகக் கட்டும் காப்பீடுகள் இரண்டு: இடப்பக்கத்துக்குப் பப்ளிக் லயபிலிட்டி, வலப்பக்கத்துக்கு ப்ராடக்ட் லயபிலிட்டி. வியாசர்பாடி அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடை மாதிரி அங்கேயே பரிமாறுகிறவர்கள், உணவு நச்சுக்கும் பாதுகாப்பு உண்டு என்று பாலிசியில் எழுதி வாங்குங்கள்.

"நான் தயாரிக்கலையே, வாங்கித்தானே விற்கிறேன்" என்பவர்களுக்கு: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விற்பவரையும் சும்மா விடுவதில்லை. தயாரித்தவர் யாரென்றே தெரியாவிட்டால் பொறுப்பு உங்கள் தலையில் விழலாம். சௌகார்பேட்டையில் பெயரில்லாத மிக்ஸியை மொத்தமாக எடுக்கிறவர்கள் பில்லைப் பத்திரமாக வைப்பது இதற்காகத்தான்.

அடுத்து, கையிலிருக்கும் பாலிசியைப் புரட்டுங்கள். கடைக்காரர்களுக்கான பேக்கேஜ் பாலிசியில் பப்ளிக் லயபிலிட்டி ஒரு பிரிவாக இருக்கலாம்; தொகை சின்னதாக இருக்கும்.

புதிதாக எடுத்தால் இரண்டு தொகைகள் கேட்பார்கள். ஒரு சம்பவத்துக்கு எவ்வளவு, வருடம் முழுக்க எவ்வளவு. 5 லட்சம், 20 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வக்கீல் செலவும் பெரும்பாலும் அதற்குள்ளேதான் அடங்கும், அதனால் ரொம்பக் கஞ்சத்தனம் வேண்டாம். ஒவ்வொரு கிளைமிலும் நீங்கள் போட வேண்டிய பங்கையும் கேளுங்கள்.

எல்லோரும் கோட்டை விடுவது தேதியில். இந்த வகைப் பாலிசிகளில் பலவும், கிளைம் எந்த நாளில் வருகிறதோ அந்த நாளில் பாலிசி உயிரோடு இருந்தால்தான் பணம் தரும். பங்குனியில் விற்ற பாட்டிலுக்கு அடுத்த வருடம் ஆடியில் நோட்டீஸ் வரலாம். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட 2 வருடம் அவகாசம் இருக்கிறதே. பின்னோக்கி எந்தத் தேதி முதல் நடந்தவை சேரும் என்பதும் பாலிசியில் இருக்கும். நடுவே ஒரு மாதம் புதுப்பிக்காமல் விட்டால் அந்தப் பழைய தேதி கைவிட்டுப் போகலாம். தீபாவளி சரக்குக்குப் பணம் போட்டுவிட்டு "அப்புறம் கட்டிக்கலாம்" என்று நினைக்கிற ஆள்தான் நானும். இப்போது காலண்டரில் சிவப்பு வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

உங்கள் ஆளுக்கே அடிபட்டால் இது உதவாது. அதற்குத் தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசி வேறு. அபராதம், சந்தையிலிருந்து சரக்கைத் திரும்ப எடுக்கும் செலவும் பொதுவாகச் சேராது. மணலி, எண்ணூர்ப் பக்கம் அபாயகரமான ரசாயனம் கையாள்கிறவர்களுக்கோ, போபால் விஷவாயு விபத்துக்குப் பின் வந்த 1991 பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டப்படி தனிக் காப்பீடு கட்டாயம். 2023 டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்த ராத்திரியைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஏதாவது நடந்துவிட்டால் முதலில் ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். இடத்தைப் போட்டோ எடுங்கள், அன்றைக்கே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் சொல்லுங்கள். "தப்பு என்னுதுதான், முழுசா நான் கட்டிடறேன்" என்று அவர்களைக் கேட்காமல் எழுதிக் கொடுத்தால் கிளைம் சிக்கலாகும். அந்த அக்காவிடம் நான் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன், கடை பில் புத்தகத்தின் பின்பக்கத்திலேயே, கையெழுத்தும் போட்டு.