நீட் மாதிரித் தேர்வு: பள்ளிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளஸ் டூ பொதுத்தேர்வு முடிந்த கையோடு பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டிப் பக்கத்துப் பள்ளிகளில் நீட் மாதிரித் தேர்வுகள் தொடங்கிவிடும். வினாத்தாள் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். கோட்டை விடுவது நடத்தும் முறையில்தான்.

பிள்ளைகள் தெம்பாக இருக்கும் காலை பத்து மணிக்குத் தேர்வு வைக்கிறார்கள். உண்மையான தேர்வோ பிற்பகல் 2 முதல் 5 வரை, 1.30க்கே வாசலை மூடிவிடுவார்கள். ராமேசுவரத்துப் பிள்ளைக்கு ராமநாதபுரத்திலேயே மையம் கிடைத்தாலும் 50 கிலோமீட்டருக்கு மேல் பஸ் பயணம், பிறகு சித்திரை வெயிலில் சோதனை வரிசை. காலை பதினொரு மணிக்குச் சாப்பிட்ட சாப்பாடுதான் மாலை ஐந்து வரை தாங்க வேண்டும். கடைசி நான்கு தேர்வுகளையாவது 2 மணிக்கு வையுங்கள். கைக்கடிகாரத்துக்கு அனுமதி இல்லை என்பதால் அதையும் கழற்றச் சொல்லுங்கள்.

180 வினா, 180 நிமிடம். உயிரியல் 90 வினாக்களை 50 நிமிடத்திலும், வேதியியலை 50 நிமிடத்திலும், இயற்பியலை 65 நிமிடத்திலும் முடித்தால் சரிபார்க்கப் பதினைந்து நிமிடம் மிஞ்சும். எல்லா விடைகளையும் கடைசியில் மொத்தமாக ஓ.எம்.ஆர். தாளில் (வட்டங்களைக் கருப்பாக்கிக் குறிக்கும் விடைத்தாளில்) நிரப்பும் பழக்கம் மிக ஆபத்து. 47ஆம் வினாவை விட்டுவிட்டு 48இன் விடையை 47இல் கருப்பாக்கினால், அதற்குப் பிறகு வரும் அத்தனை விடையும் இடம் மாறிவிடும். பேனா மை அழியாது. வினாத்தாளில் ஒரு பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கத்து வட்டங்களை நிரப்பிவிட வேண்டும்.

“தெரியாததைத் தொடாதே” என்ற அறிவுரையும் முழுக்கச் சரியில்லை. சரியான விடைக்கு 4, தவறுக்கு மைனஸ் 1. நான்கு விடைகளில் இரண்டை உறுதியாக நீக்க முடிந்தால், மிஞ்சிய இரண்டில் ஒன்றைக் குறிப்பது சராசரியாக ஒன்றரை மதிப்பெண் தரும். எதையுமே நீக்க முடியாதபோது கால் மதிப்பெண்தான். அதுவும் நிச்சயமில்லை, ஏனென்றால் மாணவர் வழக்கமாகச் செய்யும் பிழைகளை வைத்தே தவறான விடைகளை அமைக்கிறார்கள். அரைகுறை ஞாபகம் நேராக அங்கேதான் இழுக்கும்.

தமிழ் வழி மாணவருக்குத் தமிழ்த் தாளை மட்டும் கொடுக்காதீர்கள். 2018இல் 49 வினாக்களின் மொழிபெயர்ப்புப் பிழைக்காக உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. சந்தேகம் வந்தால் ஆங்கில வினாவே இறுதி. தமிழில் படித்துக் குழம்பினால் உடனே ஆங்கில வரிக்குக் கண் போகும் பழக்கம் மாதிரித் தேர்விலேயே வர வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, மதிப்பெண்ணை வகுப்பில் உரக்க வாசித்துவிட்டு அடுத்த தேர்வுக்குப் போவது. பின்தங்கிய பிள்ளை கூசிப்போவதுதான் மிச்சம். வாரத்துக்கு ஒரு தேர்வு போதும். அடுத்த இரண்டு நாளைத் தவறான விடைகளுக்கே ஒதுக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே பாடமே தெரியாததா, கணக்கில் பிசகியதா, வினாவைச் சரியாக வாசிக்காததா, வட்டம் மாறியதா என்று மாணவரே எழுதட்டும். பாடம் தெரியாதவருக்குப் புத்தகம் வேண்டும். “தவறானது எது” என்பதைச் “சரியானது எது” என்று வாசித்தவருக்கு இன்னொரு முறை பாடம் நடத்திப் பயனில்லை. அந்தச் சொல்லை அடிக்கோடிடப் பழக்கினால் போதும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மே மாதத் தேர்வு, வீட்டில் வருமானம் இல்லாத நாளில்தான் வரும். பஸ் செலவையும், விண்ணப்பத்தில் ஏற்றிய அதே படத்தின் போஸ்ட்கார்டு அளவுப் பிரதியையும் ஏப்ரல் முதல் வாரத்திலேயே எடுத்துவைக்கச் சொல்லி பெற்றோரிடம் பேசிவிடுங்கள்.